மலையகப் பிள்ளை தாதியாவதற்கு எது தடை?

தாதியர் பயிற்சிக்குப் போகும் பிள்ளை ஆரம்பத்திலேயே பழகும் வேலைகளில் ஒன்று பிரஷர் பார்ப்பது. நோயாளியின் மேற்கையில் பட்டியைச் சுற்ற வேண்டும். பல்பை அழுத்திக் காற்றேற்றி, முழங்கை மடிப்பில் நாடி துடிக்கும் இடத்தில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து, காற்றை மெல்ல மெல்ல இறக்க வேண்டும். ஓரிடத்தில் தட்டுவதுபோல் ஒரு சத்தம் தொடங்கும். அப்போது தெரியும் எண்தான் மேலழுத்தம். சத்தம் அடங்கிப்போகும் இடம் கீழழுத்தம். 1905 இல் ரஷ்ய மருத்துவர் நிக்கொலாய் கொரொட்கொவ் விவரித்த இந்தச் சத்தங்களைத்தான் நூறாண்டுக்கும் மேலாக உலகத்துத் தாதியர்கள் காதால் பிடித்து, கட்டிலின் தலைமாட்டுத் தாளில் எழுதி வருகிறார்கள்.

அந்தச் சத்தம் ஒரு மாணவிக்குச் சரியாகக் கேட்காவிட்டால்? சின்ன வயதில் காதில் சீழ் வடிந்து, வைத்தியம் பார்க்க ஆளில்லாமல் தானாகக் காய்ந்து, கேள்விப்புலன் பாதியாகிப்போன பிள்ளையாக அவள் இருந்தால்?

ஊவா மாகாணத்தின் தோட்டங்களில் இது ஊகமாகக் கேட்கும் கேள்வி அல்ல. நடுக்காதில் அழற்சி மாதக்கணக்கில் நின்று சீழ் வடிவதும் செவிப்பறை ஓட்டையாவதும், நெருக்கமான வீடு, புகை, ஊட்டக்குறைவு, ஆஸ்பத்திரித் தூரம் எல்லாம் ஒன்றுகூடும் இடங்களில் அதிகம் வரும் நோய். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் மூன்று தலைமுறை படுத்தெழும்பும் லயங்களில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், இவற்றுக்குக் குறைவில்லை. 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை சுகாதார ஆய்வு, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதும் 17.3 வீதம் என்றும் தோட்டப்புறத்தில் 31.7 வீதம் என்றும் கணக்கிட்டது. ஊட்டம் குறைந்த உடம்பு தொற்றை எதிர்த்து நிற்காது. அந்தத் தொற்று இறங்கும் இடங்களில் காதும் ஒன்று. பிள்ளைக்குக் காது வடிந்தால் எண்ணெயைக் காய்ச்சி ஊற்றிவிட்டு மலைக்குப் போகும் தாயைக் குறைசொல்லவும் முடியாது. அன்றைக்குப் பேர் விழாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை.

உலக சுகாதார நிறுவனம் 2021 இல் வெளியிட்ட செவிப்புலன் பற்றிய உலக அறிக்கை, சிகிச்சையோ கருவியோ தேவைப்படும் அளவுக்குக் கேள்விக் குறைபாடு உள்ளவர்கள் உலகில் 43 கோடிப் பேர் என்கிறது. சிறுவருக்கு வரும் கேள்விக் குறைபாட்டில் ஏறத்தாழ 60 வீதம் தடுக்கக்கூடியது என்றும் சொல்கிறது. தடுக்க முடியும் என்பதற்கு இலங்கையே சாட்சி. கர்ப்பத்தில் ருபெல்லா கண்டால் பிறக்கும் குழந்தை செவிடாகும் ஆபத்து இருந்த நாட்டில், 1996 இல் ருபெல்லாத் தடுப்பூசி தொடங்கியது. 2020 இல் அந்த நோய் இங்கே ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. கிளினிக் கிளினிக்காக, பாடசாலை பாடசாலையாக ஊசியைக் கொண்டுபோன குடும்பநல மாதரும் தாதியரும் மற்றச் சுகாதார ஊழியரும் செய்த வேலை அது. அதே கவனம் காதுச் சீழுக்குக் கிடைக்கவில்லை.

கேள்விக் குறைபாடு உள்ளவர் தாதியாகலாமா என்ற கேள்வி அமெரிக்காவில் பெரிய நீதிமன்றம் வரை போயிருக்கிறது. வட கரோலினாவைச் சேர்ந்த பிரான்சஸ் டேவிஸ் ஏற்கெனவே கீழ்நிலைத் தாதியாக அனுமதிப்பத்திரம் பெற்றவர். பதிவுபெற்ற தாதியாக உயர விரும்பி சவுத் ஈஸ்டர்ன் சமுதாயக் கல்லூரிக்கு விண்ணப்பித்தார். கருவி அணிந்தாலும் உதட்டசைவைப் பார்த்தால்தான் அவருக்குப் பேச்சு முழுதாகப் புரியும். கல்லூரி இடம் தர மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1979 ஜூன் 11 ஆம் திகதி ஒன்பது நீதியரசர்களும் ஒருமித்து, அவரைச் சேர்க்கக் கல்லூரி கடமைப்பட்டிருக்கவில்லை என்றார்கள். அறுவைக்கூடத்தில் எல்லோரும் முகமூடி அணிந்திருப்பார்கள், உதடு தெரியாது, நோயாளிக்கு ஆபத்து என்பது முன்வைக்கப்பட்ட காரணங்களில் ஒன்று.

அந்தக் காரணத்தைத் தள்ளிவிட முடியாது. நோயாளியின் உயிரோடு யாரும் விளையாட முடியாது. ஆனால் அதே தீர்ப்பில் நீதியரசர் லூயிஸ் பவல் வேறொன்றையும் எழுதிவைத்தார். தொழில்நுட்பம் வளர வளர, இன்று முடியாதது நாளை பெரிய செலவில்லாமல் முடியும். அப்போது பாடத்திட்டத்தை மாற்ற மறுப்பதே பாரபட்சமாகிவிடலாம் என்பது அதன் சாரம். டேவிஸ் தோற்ற வழக்கு என்று நினைவில் வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியை மறந்துவிடுகிறார்கள்.

அந்த 'நாளை' வந்து பல காலமாகிவிட்டது. காற்றின் அதிர்வைத் தானே அளந்து எண்ணைத் திரையில் காட்டும் பிரஷர் இயந்திரம் இன்று சாதாரண வாட்டிலும் இருக்கிறது. ஒலியைப் பல மடங்கு கூட்டித் தரும் மின்னணு ஸ்டெதஸ்கோப் உண்டு. செவிப்புலன் கருவியோடு நேரே இணைவதும், இதயத்துடிப்பைக் கைபேசித் திரையில் கோடாக வரைந்து காட்டுவதும் உண்டு. நல்ல கைபேசி ஒன்றின் விலையில் அதை வாங்கிவிடலாம். உதடு தெரியும்படி நடுவில் ஒளி ஊடுருவும் தாள் வைத்த முகமூடிகள் கொரோனாக் காலத்தில் பல நாடுகளில் பாவனைக்கு வந்தன. கருவிகளின் எச்சரிக்கை மணி ஒளியாகவும் மின்னும். இடுப்பில் செருகிய பேஜர் அதிரும். தாதியின் வேலை முழுவதும் அறுவைக்கூடத்துக்குள் நடப்பதுமில்லை. கிளினிக், நோயாளர் பதிவு, காயக்கட்டு, நீரிழிவு ஆலோசனை, முதியோர் பராமரிப்பு, மனநல வாட் என்று அது பல இடங்களில் கிடக்கிறது.

நீதிமன்றங்களும் நகர்ந்திருக்கின்றன. அமெரிக்காவில் கிரெய்ட்டன் பல்கலைக்கழகத்தில் படித்த கேள்விக் குறைபாடுள்ள மருத்துவ மாணவர் மைக்கல் ஆர்ஜென்யியின் வழக்கில், அவருக்கு வேண்டிய வசதியைச் செய்து கொடுக்காதது பாரபட்சம் என்று 2013 இல் ஜூரி தீர்த்தது. இந்திய உச்ச நீதிமன்றம் 2024 ஒக்டோபரில் ஓம்கார் கோண்ட் வழக்கில், குறைபாடு இத்தனை வீதம் என்ற எண்ணை மட்டும் வைத்து ஒருவரை மருத்துவப் படிப்பிலிருந்து தள்ளக்கூடாது, அந்த மாணவரால் படிப்பைத் தொடர முடியுமா என்று ஆள் ஆளாகப் பார்க்க வேண்டும் என்றது. இத்தனைக்கும் இந்தியத் தாதியர் பேரவை மாற்றுத்திறனாளிகளுக்கென 5 வீத இடம் ஒதுக்கியபோது, அதைக் காலில் 40 முதல் 50 வீதம் குறைபாடு உள்ளவர்களுக்கென்றே வகுத்தது. காது கேளாதவர் அந்தக் கணக்கில் வரவேயில்லை.

இலங்கையில் சட்டத்துக்குப் பஞ்சமில்லை. வலுவிழந்தோர் உரிமைகளுக்கான 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், கல்வியிலும் வேலையிலும் பாரபட்சம் கூடாது என்கிறது. அதற்கும் முன்னரே, 1988 இல் வந்த 27/88 இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கை, அரச வேலை வெற்றிடங்களில் 3 வீதத்தை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கச் சொன்னது. ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளர் உரிமைச் சமவாயத்தை நாடு 2016 இல் ஏற்றுக்கொண்டது. 2012 குடிசன மதிப்பீட்டில் கேட்பதில் சிரமம் உள்ளவர்களாகப் பதிவானவர்கள் ஏறத்தாழ 3 இலட்சத்து 89 ஆயிரம் பேர். ஆனால் அரச பதவிக்கான எந்த வர்த்தமானியை எடுத்தாலும், கடமையைச் செய்யவும் தீவின் எப்பாகத்திலும் சேவையாற்றவும் போதிய உடல் உள ஆரோக்கியம் வேண்டும் என்ற ஒரு வரி கிடக்கும். அந்த வரியை எப்படிப் படிப்பது என்பது மருத்துவப் பரிசோதனை செய்பவரின் மனதைப் பொறுத்தது. எந்த வேலைக்கு எவ்வளவு கேள்விப்புலன் வேண்டும், எந்தக் கருவி அதை ஈடுசெய்யும் என்று தாதியர் கல்வியில் இருப்பவர்களே உட்கார்ந்து வகுத்து எழுதாதவரை, காது மங்கிய பிள்ளைக்குக் கிடைக்கும் பதில் 'முடியாது' என்பதாகவே இருக்கும்.

இதையெல்லாம் சொல்லும்போதே இன்னொரு உண்மை குறுக்கே வந்து நிற்கிறது. ஊவாத் தோட்டத்துப் பிள்ளைகளில் பெரும்பாலோர் அந்த மருத்துவப் பரிசோதனை அறை வரைக்கும் போவதே இல்லை.

அரச தாதியர் பயிற்சிக்கு இன்று உயர்தரத்தில் விஞ்ஞானப் பாடங்களில் சித்தி வேண்டும். உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றையும் தமிழில் படிப்பிக்க ஆசிரியர் உள்ள பாடசாலைகள் ஊவாவில் விரல்விட்டு எண்ணும் அளவே. பதுளை சரஸ்வதி, பசறை, பண்டாரவளை என்று நகரத்துப் பெயர்கள் சில வாயில் வரும். நமுனுகுலையிலோ மடுல்சீமையிலோ சாதாரண தரத்தில் நல்ல பெறுபேறு எடுக்கும் பிள்ளை விஞ்ஞானம் படிக்க ஆசைப்பட்டால், வீட்டைவிட்டு நகரத்தில் தங்கவேண்டும், அல்லது விடியற்காலை பஸ்ஸுக்கு இருட்டில் இறங்கி நடக்கவேண்டும். அதோடு இரசாயனவியலுக்கும் பௌதிகவியலுக்கும் டியூஷன். பெருந்தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021 இல் 1,000 ரூபாயானது. 2024 இல் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. அந்தக் கணக்கில் இரண்டு வருடம் விஞ்ஞானம் படிப்பிப்பது என்றால், வீட்டில் வேறு எதையோ நிறுத்தவேண்டும். ஆகவே கெட்டிக்காரப் பிள்ளை கலைப்பிரிவுக்குப் போகிறது. தாதியர் விண்ணப்பம் அந்த இடத்திலேயே, பதினாறு பதினேழு வயதிலேயே, கைவிட்டுப் போகிறது.

மொனராகலையின் நிலை இன்னும் கடினம். பதுளை மாவட்டத்தில் ஐந்தில் ஒருவராவது தமிழர். மொனராகலையில் 2012 கணக்குப்படி நாலரை இலட்சம் மக்களில் சிங்களவர் ஏறத்தாழ 95 வீதம். நகரைச் சுற்றியும் மலையடிவாரங்களிலும் இறப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டும் தமிழ்க் குடும்பங்கள் எண்ணிக்கையில் சிறியவை. ஒன்றுக்கொன்று தூரத்தில் சிதறிக் கிடப்பவை. எண்ணிக்கை சிறியதென்றால் பாடசாலை சிறியது. பாடசாலை சிறியதென்றால் உயர்தர விஞ்ஞானம் என்ற பேச்சே எழாது. பசறை ஏற்றத்தைத் தாண்டிப் பதுளைக்குப் போய்ப் படிப்பதுதான் வழி. மலையகம் என்றதும் நுவரெலியாவையும் ஹட்டனையும் நினைக்கும் தலைவர்களும் பத்திரிகைகளும் இந்தச் சிறிய கூட்டத்தை மறந்துவிடுவது வழக்கமாகிவிட்டது.

இதற்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறும் இருக்கிறது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அரச வேலைக்கு முதல் நிபந்தனை பிரஜாவுரிமை. 1964 இன் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் பலரை இந்தியாவுக்கு அனுப்பிக் குடும்பங்களைப் பிரித்தது. 1988 இலும் 2003 இலும் வந்த சட்டங்களுக்குப் பிறகுதான் பிரச்சினை தாள் அளவில் தீர்ந்தது. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் தாதி வேலை குடும்பத்தில் தாயிடமிருந்து மகளுக்குக் கைமாறிய அந்த நாற்பது ஐம்பது வருடங்களில், தோட்டத்துப் பெண்ணுக்கு விண்ணப்பப் படிவம் நிரப்பும் உரிமையே இருக்கவில்லை. இன்று லயத்தில் ஒரு பிள்ளைக்குப் பக்கத்து வீட்டு அக்கா தாதியாக இல்லை, சித்தி தாதியாக இல்லை, என்னென்ன பாடம் எடுக்கவேண்டும் என்று சொல்லித்தர ஆளில்லை என்றால், காரணம் அங்கேதான் கிடக்கிறது.

அந்த வெற்றிடத்தில் வேறு சிலர் கடை விரித்திருக்கிறார்கள். மலையக நகரங்களின் பஸ் தரிப்பிடங்களைச் சுற்றி 'நர்சிங் டிப்ளோமா' என்று தமிழில் எழுதிய பதாகைகள் தொங்குகின்றன. ஆறு மாதம், ஒரு வருடம், வெள்ளைச் சீருடை, பட்டமளிப்பு விழாவில் கறுப்பு அங்கி, படம் எடுத்துச் சுவரில் மாட்டலாம். பிள்ளை நர்ஸாகிவிட்டாள் என்று தாய் தோட்டம் முழுக்கச் சொல்லிச் சந்தோஷப்படுகிறாள். 1988 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலங்கைத் தாதியர் பேரவைச் சட்டம் இருக்கும் நாட்டில், இப்படியான குறுங்காலச் சான்றிதழை வைத்து அரச வைத்தியசாலைத் தாதி உத்தியோகத்தராக முடியாது. கொழும்பில் ஒரு முதியவரைப் பராமரிக்கும் வேலையோ, தனியார் மருந்தகத்தில் உதவியாளர் வேலையோதான் மிஞ்சும். அந்த வேலைகளிலும் மரியாதை உண்டு. ஆனால் அடகு வைத்த தோட்டுக்கும் வளையலுக்கும் ஈடாகச் சொல்லப்பட்ட வாக்குறுதி வேறு. எந்தச் சான்றிதழ் எதற்குச் செல்லும் என்பதை அந்தப் பதாகைக்குப் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் தமிழில் எழுதிவைக்கச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்பது வெட்கம்.

எல்லாவற்றையும் தாண்டி ஒரு பிள்ளை அரச தாதியர் கல்லூரிக்குள் போனால் என்ன? மூன்று வருடப் படிப்பு. உடற்கூற்றியல், உடற்றொழிலியல், நுண்ணுயிரியல், மருந்தியல் எல்லாம் ஆங்கிலப் புத்தகத்தில். விளக்கமும் விடுதிப் பேச்சும் பதுளையில் பெரும்பாலும் சிங்களத்தில். தமிழில் உயிரியல் படித்த பிள்ளை சிறுநீரகம் என்று அறிந்ததை ஆங்கிலத்தில் எழுதவும் சிங்களத்தில் நோயாளியிடம் சொல்லவும் ஒரே நேரத்தில் பழகவேண்டும். வகுப்பில் ஒரு கேள்வி கேட்பதற்கு முன் எந்த மொழியில் கேட்பது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்து, அதற்குள் பாடம் அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். கேள்விக் குறைபாடும் உள்ள பிள்ளை என்றால் பாரம் இரட்டிப்பு. உதட்டசைவைப் பார்த்துப் பேச்சைப் பிடிப்பவருக்குத் தாய்மொழி உதடுகளே பாதிதான் பிடிபடும். புதிய மொழியின் உதடுகளை எப்படிப் படிப்பது? செவிப்புலனையும் மொழியையும் தனித்தனித் தலைப்புகளாக அறிக்கைகளில் எழுதுவார்கள். ஊவாவில் அவை ஒரே பிள்ளையின் தலையில் வந்து இறங்குகின்றன.

வாட்டுக்குள் போனால் இதே கதையை மறுபக்கத்திலிருந்து பார்க்கலாம். பதுளைப் பெரியாஸ்பத்திரிக்கும் தியத்தலாவை, மொனராகலை ஆஸ்பத்திரிகளுக்கும் வரும் தோட்டத்து ஆண்களுக்குக் கடைத்தெருச் சிங்களம் ஓரளவு தெரியும். வாழ்நாள் முழுவதும் மலையிலும் லயத்திலும் இருந்த வயதான அம்மாக்களுக்கு அதுவும் தெரியாது. மிஸ்ஸி என்று அவர்கள் கூப்பிடும் தாதி வந்து சிங்களத்தில் என்ன செய்கிறது என்று கேட்கும்போது, அவர்கள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிடுவார்கள். நெஞ்சு கரிக்கிறது என்பதும் நெஞ்சு அடைக்கிறது என்பதும் வேறு வேறு நோய்க்கான குறிகள். தலை சுற்றுவதும் கைகால் வெலவெலத்து வேர்ப்பதும் வேறு. இன்சுலின் ஏற்றும் நோயாளியிடம் இந்த வேறுபாடு சில நேரம் உயிருக்கே கணக்கு. விட்டுக்கொடுக்காமல் நாலு தமிழ்ச் சொல்லாவது பழகிக்கொண்டு, வலிக்குதா, சாப்பிட்டீங்களா என்று கேட்கும் சிங்களத் தாதியர் இருக்கிறார்கள். அவர்களை நோயாளிகள் பெயர் சொல்லி நினைவு வைத்திருக்கிறார்கள். ஆனால் ஒரு மாகாணத்தின் சுகாதார சேவையைத் தனியாட்களின் நல்ல மனதின் மேல் ஏற்றிவைக்க முடியாது. பண்டாரவளை, ஹப்புத்தளை, ஹல்துமுல்லை, ஹாலிஎல, பசறை முதலிய பிரதேச செயலகப் பிரிவுகள் 1999 இலேயே இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டவை. கச்சேரியில் படிவத்துக்கு உள்ள மொழி உரிமை, கட்டிலில் கிடக்கும் நோயாளிக்கு இல்லாமல் போவது எப்படி நியாயம்?

தமிழில் மருத்துவம் பேச முடியாது என்று யாரும் சாக்குச் சொல்லவும் முடியாது. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1848 இல் மானிப்பாய்க்கு வந்து, 1860 களில் இதே தீவில் தமிழிலேயே மாணவர்களுக்கு மருத்துவம் படிப்பித்தார். உடற்கூற்றியல் முதலிய நூல்களைத் தமிழாக்கினார். தமிழ்நாட்டில் வேலூரில் ஐடா ஸ்கடர் 1909 இல் தாதியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். 1946 இல் அங்கே தாதியர் பட்டப்படிப்பே வந்துவிட்டது. ஊவாவின் தோட்ட டிஸ்பென்சரியிலோ, இன்று வரையிலும் பல இடங்களில் 'டாக்டரையா' என்று மக்கள் கூப்பிடுபவர் ஒரு வைத்திய உதவியாளர்தான். தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. வேலை இன்னும் அரைகுறையாகக் கிடக்கிறது.

இவ்வளவு தடையிலும் ஒரு பிள்ளை தாதியாக வேண்டும் என்று விரும்பினால், அந்த விருப்பத்துக்கு உரமூட்ட எது இருக்கிறது? லயத்துக் கூரைகளில் டிஷ் அன்டெனா இல்லாத இடமில்லை. சென்னையில் எடுக்கும் தொடர்களும் படங்களும்தான் பொழுதைப் போக்குகின்றன. அவற்றில் நர்ஸ் யார்? டாக்டர் பேசும்போது தட்டோடு பின்னால் நிற்பவர். கதாநாயகனின் நண்பன் கிண்டல் செய்யக் கிடைப்பவர். அல்லது காசு வாங்கிக்கொண்டு குழந்தையை மாற்றி வைப்பவர். இதற்கு மறுகோடியில் தியாக தேவதை. 1961 இல் பீம்சிங் இயக்கிய 'பாலும் பழமும்' படத்தில் சரோஜாதேவி ஏற்ற சாந்தி, புற்றுநோய் ஆராய்ச்சி செய்யும் டாக்டருக்கு உதவியாக வரும் தாதி. நல்ல அறிவோடுதான் அறிமுகமாகிறார். ஆனால் கதை போகப் போக அவருடைய தொழில் கரைந்து, கண்ணிழந்த கணவனுக்குத் தன்னை மறைத்துப் பணிவிடை செய்யும் மனைவியாகவே முடிகிறார். அறுபது வருடத்துக்கும் மேலாகத் தமிழ்த் திரை அந்தப் படிமத்தை விட்டு அதிகம் நகரவில்லை. மருந்தின் அளவைக் கணக்கிட்டு, டாக்டர் எழுதியதில் பிழை கண்டு, 'சேர், இது கூடவில்லையா?' என்று கேட்கும் தாதியை எந்தத் தொடரில் பார்த்தோம்?

இதனால் வரும் சேதம் மாணவிக்குத்தான். நர்ஸ் வேலை என்றால் ராத்திரி டியூட்டி, ஆம்பளை உடம்பைத் தொடும் வேலை, கல்யாணச் சந்தையில் குறை என்று சொல்லும் மாமாக்களுக்கு அந்தத் திரைப்படிமம் சாட்சியாகிறது. அதே மாமாக்கள் மத்திய கிழக்குக்கு வீட்டுவேலைக்குப் போகும் பெண்ணை மறிப்பதில்லை. தாதி வேலைக்கு மூன்று வருட விஞ்ஞானப் படிப்பு உண்டு, பதவியுயர்வு உண்டு, பட்டம் உண்டு, ஓய்வூதியம் உண்டு என்பதை எந்தக் காட்சியும் சொல்லாததால் வரும் வினை இது.

பத்திரிகைகளும் விலக்கில்லை. இலங்கையில் தாதியர் செய்தியாவது வேலைநிறுத்தத்தின் போது, அல்லது ஊசி போட்டபின் யாராவது இறந்தால். அமெரிக்காவில் 1997 இல் நடந்த வுட்ஹல் ஆய்வு, முன்னணி நாளிதழ்களின் சுகாதாரச் செய்திகளில் தாதியர் இடம்பெறுவது 4 வீதம் மட்டுமே என்று காட்டியது. இருபது வருடம் கழித்து 2018 இல் திரும்பப் பார்த்தபோது, தாதியரின் வாய்மொழி இடம்பெறுவது 2 வீதமாகக் குறைந்திருந்தது. டெங்கு பரவினால் இங்கேயும் மருத்துவ நிபுணரிடம் கேட்பார்கள், அமைச்சரிடம் கேட்பார்கள். இராத்திரி முழுக்கக் காய்ச்சல் தாளை நிரப்பும் தாதியிடம் ஒலிவாங்கி போவதில்லை.

தாதியரின் முதல் உருவமான புளோரன்ஸ் நைட்டிங்கேலுக்கே இது நடந்தது. கிரைமியப் போரின்போது லண்டன் பத்திரிகைகள் அவரைக் கையில் விளக்கேந்திய தேவதையாக வரைந்தன. அந்த விளக்கு மே 12 ஆம் திகதி சர்வதேசத் தாதியர் தினத்தில் இன்றும் ஏற்றப்படுகிறது. ஆனால் அவருடைய பெரிய வேலை, இறப்புக் கணக்குகளைத் திரட்டி, காயத்தைவிடச் சுகாதாரக் கேட்டால் செத்த படையினர் அதிகம் என்று 1858 இல் வரைபடம் போட்டு அரசாங்கத்தின் முன் வைத்தது. கணக்குப் போட்ட நைட்டிங்கேல் பதுளையில் ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்தால், தாதி வேலையைப் பற்றிய எண்ணமே மாறும்.

பக்கத்து மலையாளத் திரையில் மாற்றம் தெரிகிறது. 2014 இல் ஈராக்கின் திக்ரித்தில் சிக்கி மீண்ட 46 இந்தியத் தாதியரின் அனுபவத்திலிருந்து 2017 இல் 'டேக் ஆஃப்' படம் வந்தது. கடன், குடும்பம், வேலை எல்லாம் சுமந்து முடிவெடுக்கும் தாதி அதன் நடுவில் நின்றார். நிபா நோயாளியைப் பராமரித்து 2018 மே மாதம் இறந்த பேராம்பிரை மருத்துவமனைத் தாதி லினியின் கதை அடுத்த வருடமே 'வைரஸ்' படத்துக்குள் வந்தது. 2024 இல் கான் விழாவில் கிராண்ட் பிரீ பெற்ற பாயல் கபாடியாவின் படத்திலும் மும்பாயில் வேலைசெய்யும் மலையாளத் தாதியர்தான் நாயகியர். கேரளத்தில் தாதியரைக் கீழாகப் பார்த்த காலம் ஒன்று இருந்தது. தாதியர் சம்பாதித்து வீடு கட்டியதும் பேச்சு மாறியது. பிறகு கதையும் மாறியது. மலையகத்தில் இந்த வரிசை தானாக வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஊவா சமூக வானொலி போன்ற உள்ளூர் ஊடகங்கள் வாரத்தில் ஒரு அரைமணி நேரத்தைத் தமிழ் பேசும் தாதி ஒருவருக்குக் கொடுத்தாலே, என்ன பாடம் எடுக்கவேண்டும், எப்போது வர்த்தமானி வரும், எந்தச் சான்றிதழ் செல்லாது என்ற தகவல் லயத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2025 அறிக்கைப்படி உலகில் இன்னும் ஏறத்தாழ 58 இலட்சம் தாதியர் குறைவு. பயிற்சி முடித்தவர்கள் 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் இலங்கையை விட்டும் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஆள் பற்றாக்குறை இருக்கும் தொழிலுக்கு, வர விரும்பும் பிள்ளையை வாசலில் தடுப்பதற்குச் சுகாதார அமைச்சிடம் என்ன காரணம் இருக்கிறது? கேள்விப்புலனைப் பொறுத்தவரை, தாதியர் சேர்ப்பு நிபந்தனையில் வேலைவாரியான தரத்தை எழுதுவதும், கருவி அணிந்தபின் பரிசோதிப்பதும், பயிற்சிக் கல்லூரிகளில் மின்னணு ஸ்டெதஸ்கோப் சிலவற்றை வைப்பதும் அமைச்சின் கையில் உள்ளவை. முதல் வருடத்திலேயே சிங்கள மாணவியருக்கு நோயாளியிடம் பேசும் தமிழும், தமிழ் மாணவியருக்குச் சிங்களமும் பரீட்சைப் பாடமாக வைப்பதும் அப்படியே.

மற்றவை கொழும்புக்குப் போகவேண்டிய காரியங்கள் அல்ல. தேசிய பாடசாலைகள் தவிர்ந்த தமிழ்ப் பாடசாலைகள் ஊவா மாகாணக் கல்வி அமைச்சின் கீழ் உள்ளவை. எந்த ஊரில் விஞ்ஞான உயர்தரம் தொடங்குவது, மொனராகலைப் பிள்ளைகளுக்குப் பதுளையில் விடுதி வசதி செய்வது, இரசாயனவியல் ஆசிரியரை எங்கே நியமிப்பது என்பதெல்லாம் அங்கே எடுக்கக்கூடிய முடிவுகள். முதலாம், நான்காம், ஏழாம், பத்தாம் வகுப்புகளில் நடக்கும் பாடசாலை மருத்துவப் பரிசோதனையும் மாகாணச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் செய்வதுதான். முதலாம் வகுப்பிலேயே ஒவ்வொரு தோட்டப் பிள்ளையின் காதையும் பார்த்து, சீழ் கண்ட பிள்ளையைப் பதுளை காது மூக்குத் தொண்டைக் கிளினிக்குக்கு அனுப்பி, போய்ச் சேர்ந்ததா என்று மறுமாதம் விசாரிக்க ஒரு பதிவேடு போதும். அடுத்த தவணையிலேயே அதைத் தொடங்கலாம்.